டீச்சருக்குப் படிக்க இரண்டு வருடமா, நான்கா, ஐந்தா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் மூன்று வரிகள்: இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் படிப்பான டி.எல்.எட், டிகிரி முடித்து பி.எட், நான்கு வருட ஒருங்கிணைந்த பி.எட். “டீச்சர், இவ டீச்சருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இந்த மூணுல எதுல சேக்குறது?” என்றார் அப்பா. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் படிப்பைப் பற்றிக் கேட்கிறாள். அவர் அடுத்த ஐந்து வருட உழைப்பை எதில் போடுவது என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அரசுப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து இப்போது பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். முதலில் டி.டி.எட் படித்தேன். இன்றைய டி.எல்.எட்டின் அன்றைய பெயர் அது. அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி, அதன் பிறகு பி.எட். ஆக அந்தத் தாளில் இருந்த மூன்றில் இரண்டை நானே நடந்து பார்த்தவள். மூன்றாவதைப் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

நான் அவளிடம் முதலில் கேட்டது ஒன்றுதான். “எந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க உனக்கு ஆசை?” அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்படி யோசித்ததே இல்லை என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கட்டணம், மதிப்பெண், ஹாஸ்டல், வேலை கிடைக்குமா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையோடு நாள் முழுக்க இருக்கப் போகிறாயா, பதினைந்து வயதுப் பையனுக்கு இயற்பியல் நடத்தப் போகிறாயா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த மூன்று வழிகளும் பிரிகிற இடமே அதுதான்.

தமிழ்நாட்டில் இன்றைய நிலை இது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர்; அதற்கு டி.எல்.எட்டும், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். அதற்கு டிகிரி, பி.எட், டெட் இரண்டாம் தாள். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். முதுகலைப் பட்டமும் பி.எட்டும் இருந்தால் டெட் இல்லாமல் நேராக டிஆர்பி என்ற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை எழுதலாம்.

இடையில் ஒரு கதவு திறந்து மூடப்பட்டது. பி.எட் படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி எடுத்தால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூன் 28 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ராஜஸ்தானிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அதைச் செல்லாது என்றது. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க பி.எட் தயார்ப்படுத்துவதில்லை, கல்வி உரிமை என்றால் தரமான கல்விக்கான உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் தோழிகள் சிலருக்கு அது பெரிய இடி. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல என் முதல் பள்ளிக்குப் போக வேண்டும்.

2004இல் தொகுப்பூதியத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. நாற்பத்தொரு பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், தலைமையாசிரியரும் நானும். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம். முதல் வாரம் அழுதேன். இரண்டாவது வாரம் பயிற்சி நிறுவனத்தில் எழுதிய பழைய நோட்டை எடுத்தேன். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது, மூன்றாம் வகுப்புக்கு வேலை கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்போடு எப்படித் தரையில் உட்காருவது, நாலாம் வகுப்புப் பெண்ணை எப்படி இரண்டாம் வகுப்புக்குத் துணையாக வைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. படிக்கும்போது பரீட்சைக்காக எழுதியது. அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது.

ஒன்றாம் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படித்தவர்களே நினைக்கிறார்கள். எழுத்து அறிமுகத்தை ‘அ’விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை, கோடு இழுக்க எளிதான ட, ப, ம என்று தொடங்கினால் குழந்தை இரண்டே நாளில் ‘படம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடன் வாங்கிக் கழித்தலைப் பலகையில் எழுதிக் காட்டினால் பாதி வகுப்புக்குப் புரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டில் ஒன்றைப் பிரிக்கச் சொன்னால் புரியும். பேச்சே வராமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யாராவது சொல்லித் தர வேண்டும், அப்புறம் பிள்ளைகளோடு இருந்து பழக வேண்டும். டி.எல்.எட்டின் இரண்டு வருடமும் இதற்கானது. பி.எட்டில் இது கிட்டத்தட்ட இல்லை. நான் பி.எட் படித்தபோது வரலாறு கற்பித்தல் முறையைப் படித்தேன், பயனுள்ளதாகவும் இருந்தது. ஆனால் எழுத்தே தெரியாத குழந்தையைப் பற்றி அதில் ஒரு பாடம்கூட இல்லை.

அப்படியானால் டி.எல்.எட் போதுமே என்று தோன்றும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் தோன்றியது. இரண்டே வருடம், செலவும் குறைவு. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு வந்த டயட் என்ற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு சுமையே இல்லை. பயிற்சிக்கு அனுப்பும் பள்ளிகளும் பெரும்பாலும் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளாகவே இருக்கும். அதாவது பின்னால் வேலை செய்யப் போகிற மாதிரியான இடத்திலேயே பழகலாம்.

ஆனால் இந்த வழியில் இரண்டு பெரிய பள்ளங்கள் உண்டு. அதை மறைத்து யாரையும் சேரச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒன்று, வேலை. 2013 டெட் வழியாக நடந்த நியமனங்களுக்குப் பிறகு ஏறக்குறைய பத்து வருடம் அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனமே இல்லை. 2018இல் வந்த அரசாணைப்படி, டெட் தேறினால் மட்டும் போதாது. நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2024இல் டிஆர்பி முதலில் 1,768 இடங்களை அறிவித்து, பிறகு ஆயிரம் இடம் கூட்டியது. ஜூலை 21 அன்று தேர்வு நடந்தது. பணி ஆணை கைக்கு வந்தபோது 2025 ஜூலை ஆகிவிட்டது. இருபது வயதில் டி.டி.எட் முடித்தவர்கள் முப்பத்தைந்து வயதில் அந்தத் தேர்வை எழுதினார்கள். நடுவில் தனியார் பள்ளிகளில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும், ஜவுளிக்கடைக்குப் போனவர்களும் எனக்குத் தெரிந்தே பலர். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் முளைத்த தனியார் பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இதுதான் காரணம். படிக்க ஆளில்லாமல் போனது, வேலை இல்லாமல் போனதால்.

இரண்டு, சம்பளம். 2024 அறிவிக்கைப்படி இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி தனி என்றாலும் அடிப்படையிலேயே 15,800 ரூபாய் வித்தியாசம். 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டு வருடக்கணக்காகப் போராடி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அ, ஆ சொல்லித் தருவதைச் சின்ன வேலை என்று நினைக்கும் மனநிலை ஊதிய அட்டவணையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இது என் நெடுநாள் ஆதங்கம்.

சரி, பி.எட்டுக்கு வருவோம்.

மூன்று வருட டிகிரி, இரண்டு வருட பி.எட், மொத்தம் ஐந்து. பி.எட் முன்பு ஒரே வருடப் படிப்பு; 2015-16 கல்வியாண்டிலிருந்து இரண்டு வருடம் ஆனது. காரணம் இருந்தது. ஆசிரியர் கல்வியின் நிலையைப் பார்க்க உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்தது. அதைச் சுட்டிக்காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே ஒரு வரி எழுதியிருக்கிறது: நாட்டில் தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை உண்மையான பயிற்சிக்கு முயல்வதுகூட இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன. அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத பல உண்டு. இந்த வரியை மறுக்க என்னால் முடியாது.

ஏனென்றால் நேரில் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கு ஒரு தனியார் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கென்று எட்டுப் பேர் பெயர் வந்தது. முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், “அவங்க வர மாட்டாங்க டீச்சர், கையெழுத்துக்கு மட்டும் வருவாங்க” என்றார்கள். வருகைக்கு ஒரு தொகை, ரெக்கார்டு நோட்டு எழுதித் தர ஒரு தொகை, செய்முறைத் தேர்வு நடத்தும் ப்ராக்டிகல் கமிஷன் வரும் நாளுக்கு ஒரு தொகை என்று கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் கடைசி வாரம் வந்து கையெழுத்துக் கேட்டபோது நான் போடவில்லை. அவள் அழுதாள். இரண்டு கைக்குழந்தைகள், வேலைக்குப் போகும் கணவர், வீட்டிலிருந்து கல்லூரி எண்பது கிலோமீட்டர். அவளிடம் பணம் வாங்கிக்கொண்டு ‘வர வேண்டாம்’ என்று சொன்னவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. இன்றைக்கும் அவள் முகம் நினைவில் இருக்கிறது. நான் செய்தது சரிதான் என்று தெரிந்தும் இருக்கிறது.

நல்ல பி.எட் கல்லூரிகளே இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி 1856இல் தொடங்கியது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி எடுத்தது அங்கேதான். தமிழ்நாட்டில் ஏழு அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் பதினான்கு அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உள்ளன. அவற்றில் மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு, குறைந்த கட்டணம், ஒழுங்கான வகுப்பு. இந்த இருபத்தொன்றில் ஒன்றில் இடம் கிடைத்துப் படிக்கிற பி.எட்டும், வருகைக்குப் பணம் கட்டிப் படிக்கிற பி.எட்டும் சான்றிதழில் ஒரே மாதிரி இருக்கும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக முத்திரை இரண்டிலும் உண்டு. வித்தியாசம் முதல் நாள் வகுப்பில் நிற்கும்போதுதான் தெரியும். சில சமயம் அதற்கு முன்பே, டெட் முடிவில் தெரிந்துவிடும். 2022 டெட் அறிவிப்பின்படி நடந்த தேர்வுகளில் முதல் தாளில் சுமார் 14 சதவீதம் பேர் தேறினார்கள். பி.எட் படித்தவர்கள் எழுதும் இரண்டாம் தாளில் சுமார் 6 சதவீதம்தான். வினாத்தாள் கடினம் என்பதும் ஒரு காரணம். பயிற்சியே எடுக்காமல் பட்டம் வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

பி.எட் வழியின் பலம், அதில் கதவுகள் அதிகம். டிகிரி கையில் இருக்கும். ஆசிரியர் வேலை தள்ளிப்போனால் குரூப் தேர்வுகள், வங்கித் தேர்வுகள் எழுதலாம். முதுகலை முடித்தால் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குப் போகலாம். பாடத்தின் மேல் பிரியம் உள்ள பிள்ளைக்கு, கணக்கோ வேதியியலோ அவளைத் தூங்க விடாமல் இழுக்கிறது என்றால், இந்த வழியைத்தான் சொல்வேன். பாட அறிவு ஆழமாக இல்லாதவர் பத்தாம் வகுப்பில் நிற்பது கொடுமை, பிள்ளைகளுக்கும் அவருக்கும்.

மூன்றாவது வழி, நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு. பி.ஏ.பி.எட், பி.எஸ்சி.பி.எட், பி.காம்.பி.எட் என்று ஒரே மூச்சில் டிகிரியும் பயிற்சியும். 2030க்குள் ஆசிரியராவதற்குக் குறைந்தபட்சத் தகுதி இதுவாகவே இருக்கும் என்று 2020 கொள்கை சொல்கிறது. 2021 அக்டோபரில் இதற்கான விதிகள் வந்தன. 2023-24இல் சோதனை முறையில் வகுப்புகள் தொடங்கின. பலர் இதைப் புதுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். மைசூரு, போபால், புவனேஸ்வர், அஜ்மீர் ஆகிய நான்கு ஊர்களிலும் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் 1960களிலேயே இந்த மாதிரிப் படிப்பைத் தொடங்கிவிட்டன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மைசூருவில் இதைப் படித்து வந்து எத்தனையோ பள்ளிகளில் வேலை செய்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் வகுப்பில் நிற்கும் விதமே தனி. பதினெட்டு வயதிலிருந்தே பாடத்தைப் படிக்கும்போது ‘இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது’ என்ற எண்ணமும் கூடவே ஓடுகிறது. பி.எட்டில் அது பிறகு ஒட்டவைக்கப்படுகிறது. இந்தப் படிப்பில் தொடக்க நிலை, நடுநிலை, உயர்நிலை என்று எந்தக் கட்டத்துக்கான ஆசிரியர் என்பதையும் தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறார்கள். வடிவமைப்பை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. ஒரு வருடமும் மிச்சம்.

ஆனால் இடம் எங்கே? நுழைவுத் தேர்வு தேசிய அளவில் நடக்கிறது. பதின்மூன்று மொழிகளில் எழுதலாம், தமிழும் உண்டு. 2025இல் விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில். தேர்வு ஏப்ரல் 29. அதாவது பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. அந்தப் பெண் தாளில் எழுதி வந்த மூன்றாவது வரி அவளுக்கு அந்த வருடம் இல்லவே இல்லை. சொன்னபோது அவள் முகம் வாடிப்போயிற்று. இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் நீட், ஜேஇஇ தேதி சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆசிரியர் படிப்பின் நுழைவுத் தேர்வுத் தேதி ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இதைப் படித்தால், அடுத்த ஜனவரி முதலே தேசியத் தேர்வு முகமையின் தளத்தைப் பார்த்து வாருங்கள். இன்னொன்றும் உண்டு. 2024 ஜூன் 12 அன்று நடக்க வேண்டிய அந்தத் தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிப்போய் ஜூலை 10இல் நடந்தது. இதை மட்டும் நம்பி வேறு விண்ணப்பம் போடாமல் இருப்பது ஆபத்து.

இடங்களும் குறைவு. தமிழ்நாட்டுக்குள் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், காந்திகிராமம் போன்ற மத்திய அரசு சார்ந்த நிறுவனங்களைத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டும். மாநில அரசுக்கும் 2020 கொள்கைக்கும் ஒத்துப்போகவில்லை. தமிழ்நாடு தனக்கென்று ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்டது. அந்தச் சண்டையில் மாநிலத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைப்பவள் நான். ஆனால் கல்வி 1976லிருந்து பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்தான் தீர்மானிக்கிறது. கொள்கையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான்கு வருடப் படிப்பை நம் அரசுக் கலைக் கல்லூரிகளிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் நம் பாடத்திட்டத்தோடு தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். இல்லையென்றால் 2030 வரும்போது பணமிருப்பவர் மட்டுமே அதைப் படிக்கும் நிலை வந்துவிடும்.

ஒரு வருட பி.எட் திரும்ப வருகிறதாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2025 தொடக்கத்தில் வெளியான வரைவு விதிகளில் அது இருந்தது. நான்கு வருட டிகிரியோ முதுகலையோ முடித்தவர்களுக்கு மட்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளை இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் ஒன்று முதல் எட்டு வகுப்புக்கு டெட்டைத் தாண்டாமல் முடியாது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஓய்வறையில் அன்று யாரும் சாப்பிடவில்லை. பதினைந்து, இருபது வருடம் பணி செய்தவர்களை இப்படி நிறுத்தியது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் புதிதாக வருகிறவர் அதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தத் துறையில் விதிகள் நடுவழியில் மாறும். கையில் ஒரே ஒரு தகுதியோடு நிற்பது நல்லதல்ல.

விதிகள் மாறும் என்பதால்தான் டி.எல்.எட் என்றால் அதோடு நின்றுவிடாதே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதை முடித்த கையோடு ஒரு டிகிரியில் சேர்ந்துவிட வேண்டும். நேரடியாகச் சேர முடிந்தால் நேரடியாக, முடியாவிட்டால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. தொலைநிலையில் பி.எட் படிக்க எல்லோரையும் சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே நேரடி ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடித்தவராக இருக்க வேண்டும். டி.எல்.எட் முடித்த டிகிரிக்காரர் அந்த வாசலில் நுழையலாம். ஏழு வருடம் ஆகும்தான். ஆனால் முடிக்கும்போது ஒன்று முதல் பத்து வரை எந்த வகுப்புக்கும் தகுதி இருக்கும், நடுவில் சம்பாதிக்கவும் செய்யலாம். நான் வந்த வழி அது. சுற்று வழிதான், ஒரு நாள்கூட வீண் என்று தோன்றியதில்லை.

அப்பா செலவைப் பற்றிக் கேட்டார். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். டயட்டாக இருந்தாலும் அரசுக் கல்லூரியாக இருந்தாலும் கட்டணம் அவர் கைக்கு அடங்கும். தனியார் பி.எட் கல்லூரிக்குக் கடன் வாங்கிச் சேர்ப்பதை மட்டும் வேண்டாம் என்றேன். அப்படியே போக நேர்ந்தால், அங்கே இப்போது இரண்டாம் வருடம் படிப்பவர்களிடம் போய், வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு நடக்கிறது, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கே யார் வந்து பாடத்தைக் கவனித்தார்கள் என்று கேட்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை.

அந்தப் பயிற்சி வாரங்களைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிறேன். விதிப்படி டி.எல்.எட், பி.எட் இரண்டிலும் குறைந்தது இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். பாடக் குறிப்பு, துணைக்கருவிப் பட்டியல், வினாத்தாள் எல்லாவற்றையும் இன்றைக்கு சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. தடித்தடியாக ரெக்கார்டு நோட்டு எழுதியதெல்லாம் இனிமேல் எதையும் காட்டாது. அந்த நேரத்தையும் சேர்த்துப் பள்ளியில் செலவிடச் சொல்லலாம். இருபது வாரத்தை நாற்பது ஆக்கலாம். பயிற்சி மாணவரை ஒரு வழிகாட்டி ஆசிரியரிடம் ஒப்படைத்து, அந்த ஆசிரியருக்கு அதற்கென்று வேலை நேரம் ஒதுக்கலாம். இப்போது என்னிடம் ஐந்து பேரை அனுப்புகிறார்கள், என் வகுப்பும் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் செய்ய வேண்டிய பதிவுகளும் அப்படியே இருக்கும். அவர்கள் பாடம் எடுக்கும்போது பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க எனக்கு வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைத்தால் பெரிது. டி.எல்.எட், பி.எட், நான்கு வருடம் என்று எந்தப் பெயரில் நடத்தினாலும் இதைச் சரிசெய்யாமல் நல்ல ஆசிரியர் வருவது அந்தந்தப் பிள்ளையின் சொந்த முயற்சியைப் பொறுத்ததாகவே இருக்கும்.

தொடக்கப் பள்ளிப் பயிற்சியை அரசு சாகவிட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டயட்களில் விரிவுரையாளர் இடங்களை நிரப்பி, இரண்டு வருட டி.எல்.எட்டை நான்கு வருடத் தொடக்கக் கல்விப் பட்டமாக உயர்த்தி, அதை முடித்து ஒன்றாம் வகுப்புக்கு வருபவருக்குப் பட்டதாரி ஊதியம் கொடுத்தால், அன்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த அப்பா சம்பளத்தை வைத்து மகளைச் சின்னப் பிள்ளைகளிடமிருந்து விலக்க வேண்டியிருக்காது.

அன்றைக்கு அவர்கள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. அருகிலுள்ள அரசுக் கலைக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம், டயட்டுக்கு அறிவிப்பு வந்ததும் ஒரு விண்ணப்பம் என்று இரண்டையும் போட்டு வைக்கச் சொன்னேன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு வாரம் எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரு, தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன் என்றேன். மறுப்பில்லாமல் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்தாள். சேலையில் இல்லை, அதே பள்ளிக்கூடப் பை தோளில். உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: “டீச்சர், ஒரு பையன் ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்கிறான். நாலு நாளா எழுதிக் காட்டுறேன், வரல. என்ன பண்ணலாம்?” உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை எடுத்து வந்து தரையில் வைத்தேன்.